தாலாட்டைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்

வல்லக்கோட்டை முருகனுக்கு உயரம் ஏறக்குறைய 7 அடி. கிருத்திகையன்று, கார்த் தொழிற்சாலைகள் உள்ள ஒரகடம் பக்கமிருந்து வந்து இறங்கும் கூட்டம் அண்ணாந்துதான் அவரைப் பார்க்க வேண்டும். 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இந்த ஊரைக் கோடைநகர் என்று திருப்புகழில் பாடினார். இத்தனை ஆகிருதியுள்ள சாமியை எந்தத் தொட்டிலும் தாங்காது. தமிழ்ப் புலவர்களுக்கு அந்தக் கவலையே கிடையாது. அரசன், ஆண்டவன், ஆதீனகர்த்தர், கட்சித் தலைவர் என்று யாராக இருந்தாலும் குழந்தையாக்கித் தொட்டிலில் போட்டுவிடுவார்கள், பாட்டும் பாடுவார்கள். அந்தப் பாட்டை அவர்கள் கற்றுக்கொண்டதோ ஓலையைத் தொட்டறியாத வீட்டுப் பெண்களிடம்.

தாலாட்டு தெரியாத தமிழர் இல்லை. அது எங்கெல்லாம் போய் வந்தது, யார் யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

வாய்மொழிப் பாட்டில் யார் எதைப் பாடலாம் என்று ஊர் எழுதாமலே ஒரு பங்கீடு செய்து வைத்திருந்தது. ஏற்றம் இறைக்கும் பாட்டு ஆணுக்கு, நடவுப் பாட்டு பெண்ணுக்கு. வில்லுப்பாட்டும் உடுக்கைப் பாட்டும் பெரும்பாலும் ஆண்கள் கையில். தெருக்கூத்தில் பாஞ்சாலியாக வருபவரும் சேலை கட்டிய ஆண்தான். கும்மி, ஒப்பாரி, தாலாட்டு மூன்றும் பெண்ணுக்கு. நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். கென்யாவின் கிகூயு மக்களிடையே குழந்தை பிறந்ததும் பெண்கள் குலவையிடுவார்கள்: ஆண் குழந்தையென்றால் ஐந்து முறை, பெண் குழந்தையென்றால் மூன்று முறை. பின்னாளில் அந்த நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான ஜோமோ கென்யாட்டா தம் மக்களைப் பற்றி 1938-இல் வெளியிட்ட நூலில் இதைக் குறித்து வைத்திருக்கிறார். பிறந்து ஒரு நாழிகை ஆகவில்லை, அதற்குள் எண்ணிக்கையில் இரண்டு குறைந்துவிடுகிறது. தமிழ்நாட்டுத் தாலாட்டுகளிலும் தொட்டிலில் கிடப்பது பெரும்பாலும் மகன்தான். மகளுக்கான பாட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அகப்படும்.

பாடுகிற முறையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். உத்தரத்தில் பழைய சேலையால் தூளி கட்டியிருக்கும். அம்மா கீழே உட்கார்ந்து ஒரு காலால் தூளியை உந்திவிட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்குவாள். கைக்கு வேலை உண்டு, காலுக்கு வேலை உண்டு, மிச்சமிருப்பது வாய். பிள்ளையில்லாமல் எந்தெந்தக் கோயிலுக்கு நடந்தாள், எந்தக் குளத்தில் முழுகினாள், எத்தனை விரதம் கிடந்தாள் என்று பாட்டு தொடங்கும். அடுத்து விசாரணை: யார் அடித்து இந்தக் கண்ணீர்? மாமன் அடித்திருந்தால் மல்லிகைச் செண்டால் அடித்திருப்பார். அத்தை அடித்திருந்தால் அரளிப் பூவால். அரளி எப்படிப்பட்ட செடி என்று கிராமத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு மாமன் கொண்டு வரும் சீர்வரிசை: பொன்னில் தொட்டில், பவளத்தில் கயிறு, முத்து, பட்டு, பால் குடிக்கச் சங்கு. பாடுகிறவளின் அண்ணனோ தம்பியோ தன் வீட்டில் கூழ் குடித்துக்கொண்டிருப்பான், அது வேறு விஷயம்.

இரண்டு மாதக் குழந்தைக்கு இதெல்லாம் எதற்கு? கேட்க வேண்டியவர் அடுத்த அறையில் இருக்கிறார். மாமியார், நாத்தனார், கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருக்கும் மாமனார். புகுந்த வீட்டில் குரலை உயர்த்தக் கூடாதவள் குரலை உயர்த்திப் பாட ஊர் அனுமதித்த ஒரே மேடை தூளியடிதான். சீர்வரிசைப் பட்டியலும் வெறும் அலங்காரமாக எனக்குத் தோன்றவில்லை. பிறந்த வீட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். அதுவும் அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களை விட்டுவிட்டு. அகில இந்தியாவுக்கும் அது வந்து சேர 2005 ஆயிற்று. அதுவரை பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து நடைமுறையில் வந்தது பெரும்பாலும் தாய்மாமன் சீர் போன்றவைதான். அந்தக் கணக்கைத் தினமும் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள் என்று எடுத்துக்கொண்டால் தாலாட்டின் பாதி விளங்கிவிடும்.

இந்தப் பாட்டை முதலில் தூக்கிக்கொண்டு போனவர்களில் பெரிய பெயர் பெரியாழ்வார். 9-ஆம் நூற்றாண்டை ஒட்டி, வில்லிபுத்தூரில் நந்தவனம் போட்டுப் பூத்தொடுத்த பக்தர். யசோதையாகத் தம்மை வைத்துக்கொண்டு கண்ணனுக்குத் தாலாட்டு பாடினார். அதோடு விட்டாரா? நிலாவைக் கூப்பிடுவது, கைதட்டச் சொல்வது, தளர்நடை, காது குத்து, எண்ணெய்க் குளியல் என்று ஒரு தாயின் முழு நாளையும் பதிகம் பதிகமாக எடுத்துக்கொண்டார். அவர் தாலாட்டில் பிரமன் தொட்டில் அனுப்புகிறான்; மற்றத் தேவர்களும் ஆளுக்கொரு நகை அனுப்புகிறார்கள். பட்டியலின் நடையைப் பார்த்தால் ஆள் பிடிபட்டுவிடும். தேவர்கள் எல்லாரும் இங்கே தாய்மாமன்கள். வீட்டுப் பாட்டில் மாமன் தரும் சீரைப் பெரியாழ்வார் வானுலகத்துக்குக் கொண்டு போய்விட்டார் என்பது என் துணிபு. ஆனால் கோயில் குளமாக அலைந்த கதையும் அத்தையின் அரளிப் பூவும் அவரோடு கிளம்பவில்லை.

சேர நாட்டு அரசர் குலசேகராழ்வார் இன்னும் ஒரு படி மேலே போனார். கோசலையாக இராமனுக்குத் தாலாட்டுப் பாடியவர், தேவகியாகவும் ஒரு பதிகம் பாடினார். பெற்றவள் தேவகி, பிள்ளை வளர்ந்ததோ யசோதை வீட்டில். தொட்டிலாட்டக் கொடுத்து வைக்காதவள், பாட முடியாமல் போன தாலாட்டை நினைத்துப் புலம்புகிறாள். ஓர் அரசருக்கு இந்த வலி எங்கிருந்து தெரிந்தது என்று கேட்கத் தோன்றும். அரண்மனையில் பெற்ற தாய் ஒருத்தி, பாலூட்டும் செவிலி ஒருத்தி என்பது சாதாரணம். ஒருவேளை அங்கிருந்தே தெரிந்திருக்கலாம்.

வல்லக்கோட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீபெரும்புதூர். 1017-இல் இராமானுசர் பிறந்த ஊர். ஆழ்வார் பாசுரங்களைக் கோயில் வழிபாட்டில் ஊன்றி நிறுத்தியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவருக்குத் திருப்பாவை ஜீயர் என்றே ஒரு பெயர். ஒரு நாள் திருப்பாவையை முணுமுணுத்தபடி பிச்சைக்குப் போனார். கண்ணனின் தேவி நப்பின்னையைக் கதவு திறக்கச் சொல்லும் பாட்டு வாயில் ஓடிக்கொண்டிருந்த நேரம். குருவின் வீட்டுக் கதவைக் குருவின் மகள் திறக்க, நப்பின்னையே வந்துவிட்டாள் என்று மயங்கி விழுந்தார் என்று வைணவர்கள் சொல்லுவார்கள். சிறுமிகள் மார்கழியில் விடியலில் எழுந்து ஆடிய நோன்பின் பாட்டு, ஆண்டாளின் கையில் பாசுரமாகி, ஒரு துறவியின் பட்டப்பெயரும் ஆனது. இன்றும் பெருமாள் கோயில்களில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியைப் பாருங்கள். பெரியாழ்வாரின் தாலாட்டை வரிசையாக நின்று பாடுபவர்கள் பஞ்சகச்சம் கட்டிய ஆண்கள்.

தாலாட்டின் தங்கைகளும் பயணம் போனார்கள். அம்மானை, ஊசல், பூப்பறித்தல், சுண்ணம் இடித்தல் என்று பெண்களின் விளையாட்டுப் பாட்டையும் வேலைப் பாட்டையும் மாணிக்கவாசகர் ஒன்று விடாமல் எடுத்துத் திருவாசகம் ஆக்கினார். அவருடைய திருவெம்பாவையும் ஆண்டாளின் திருப்பாவையும் கடல் கடந்து சயாம் போய்ச் சேர்ந்து, அங்கே பிராமணப் பூசாரிகள் நடத்தும் அரச விழாவுக்குத் திரியம்பாவாய் – திரிபாவாய் என்று பெயராகவே நின்றுவிட்டன. பாங்காக்கில் 1784-இல் நிறுத்திய மாபெரும் ஊஞ்சலில் அந்த விழாவன்று ஆண்கள் ஏறி வானளாவ ஆடுவார்கள். விபத்துகள் நேர்ந்ததால் 1935-இல் அந்த ஆட்டம் நின்றது. சிவப்புத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. திருவாசகத்தில் பெண்கள் ஆடிய ஊசல் அங்கே ஆண்களின் வீர விளையாட்டு.

இங்கே சோழ நாட்டில் வேறொரு திருப்பம். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். நமக்குக் கிடைத்திருப்பவற்றில் அதுவே பழையது. படை நடத்திய சக்கரவர்த்தியைக் கைதட்டிச் சப்பாணி கொட்டச் சொல்வதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. எவ்வளவு புகழ்ந்தாலும் முகத்துதி என்று யாரும் சொல்ல முடியாது. தாய் புகழாமல் வேறு யார் புகழ்வார்?

பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர்கள் ஆண் பெண் கணக்கை மறக்கவில்லை. பத்துப் பருவங்களில் முதல் ஏழு இருவருக்கும் பொது. தாலாட்டும் நிலா அழைப்பும் அதில் அடங்கும். எட்டாவதில் வழி பிரிகிறது. ஆண்பிள்ளை சிற்றில் சிதைப்பான், பறை கொட்டுவான், தேர் உருட்டுவான். பெண்பிள்ளை அம்மானை ஆடுவாள், நீராடுவாள், ஊஞ்சலாடுவாள். சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டைக் காலால் உதைத்துக் கலைப்பது ஆண் குழந்தைக்கு ஒரு பருவம் என்றே ஏட்டில் ஏறிவிட்டது! 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை மதுரையில் திருமலை நாயக்கர் முன்னிலையில் அரங்கேற்றியபோது, அம்மனே சிறுமியாக வந்து அவருக்கு முத்துமாலை போட்டாள் என்பது கதை. திக்விசயம் போய்த் தேவர்களைத் தோற்கடித்த அந்த மீனாட்சிக்கும் கடைசி மூன்று பருவம் நீராடலும் அம்மானையும் ஊசலும்தான்.

ஒருமுறை அச்சு வார்த்தாகிவிட்டால் பிரதி எடுப்பது சுலபம். வைணவரான பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனைத் தொட்டிலில் போட்டார். 19-ஆம் நூற்றாண்டில் செய்யிது அனபிய்யா புலவர் நபிகள் நாயகத்துக்குப் பிள்ளைத்தமிழ் பாடினார். அதே நூற்றாண்டில் உ.வே.சாவின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பெரியபுராணம் பாடிய சேக்கிழாரையே குழந்தையாக்கினார். 1985-இல் அருள் செல்லதுரை இயேசுபிரானுக்குப் பாடினார். காந்தியும் எம்.ஜி.ஆரும்கூடத் தப்பவில்லை.

மலையாளக் கரையில் ஒரு தாலாட்டு அரச காரியமாகவே பிறந்தது. 1813-இல் திருவிதாங்கூர் ராணி கௌரி லட்சுமி பாய்க்கு மகன் பிறந்தான். ஆண் வாரிசுக்காக நாடே காத்திருந்தது. கருவிலேயே அரசன் என்று கொண்டாடப்பட்ட அந்தப் பிள்ளைதான் பின்னாளில் கீர்த்தனைகள் பாடிய சுவாதித் திருநாள். அவனைத் தூங்கவைக்க அரசவைக் கவிஞர் இரயிம்மன் தம்பி எழுதிய ‘ஓமனத் திங்கள் கிடாவோ’ பிறையோ, பூவோ, தேனோ என்று கேள்விகளாகவே அடுக்கிக்கொண்டு போகும். அரண்மனையில் பிறந்த பாட்டு ஆண்டவனையும் அரசையும் தாண்டி, மலையாளத் தாய்மார் எல்லாருடைய வாயிலும் போய் உட்கார்ந்தது. பெண்களிடமிருந்து எடுத்தது மறுபடி பெண்களிடமே திரும்பிய அபூர்வக் கணக்கு இது.

அச்சுக் காலம் வந்ததும் வியாபாரிகள் நுழைந்தார்கள். சென்னைக் குஜிலிக் கடைகளில் காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்களோடு இராமர் தாலாட்டும் விற்றது. சந்தையிலும் திருவிழாவிலும் பாடிக் காட்டி விற்றவர்கள் ஆண்கள். அடுத்து வந்தவர்கள் சேகரிப்பாளர்கள். 1871-இல் சார்ல்ஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் தொகுத்தார். பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டி வைத்த பாடல்களை கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, 1958-இல் தஞ்சை சரசுவதி மகால் ‘மலையருவி’ என்று வெளியிட்டது. அதன் பின் பாளையங்கோட்டை நா. வானமாமலை ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தந்தார். அவர்கள் உழைப்பு இல்லையென்றால் நமக்கு ஒன்றுமே மிஞ்சியிருக்காது. ஆனாலும் ஒரு சின்ன நெருடல். தூளியும் இல்லாமல் குழந்தையும் இல்லாமல், பட்டப்பகலில், வெளியூர் ஆண் எதிரே உட்கார்ந்து பாடச் சொன்னால் அத்தையின் அரளிப் பூவை எத்தனை பேர் முழுசாகச் சொல்லியிருப்பார்கள்?

பெண்களே சுமந்துகொண்டு போன தாலாட்டும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை மலையகத்துக்குக் காப்பி பறிக்கப் போனவர்கள், காப்பி பூஞ்சணத்தில் அழிந்ததும் தேயிலைக்கு மாறினார்கள். மலாயாவுக்குப் போனவர்கள் ரப்பர் மரத்தடியில் நின்றார்கள். தோட்டத்தில் பெண் விடியலுக்கு முன்பே கொழுந்துக்கோ பால்வெட்டுக்கோ போயாக வேண்டும். குழந்தை மலையகத்தில் பிள்ளைக்காம்பராவிலும், மலாயாவில் ஆயாக் கொட்டகையிலும் கிடந்தது. அங்கே கம்பத்துக்குக் கம்பம் தூளி. ஆட்டிவிட ஒரு கிழவி. பெற்றவள் பாடியது ஒருத்தி பல பிள்ளைக்குப் பாடுவதாக மாறியது இங்கேதான். தொழிலாளர் தலைவரும் எழுத்தாளருமான சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டியபோது, துரையும் கங்காணியும் அந்தப் பாட்டுகளுக்குள் வந்து குடியேறியிருந்தார்கள். புகுந்த வீட்டைத் திட்டப் பழகிய வாய்க்குத் தோட்டத்தைத் திட்ட அதிக நேரம் பிடிக்கவில்லை.

தமிழ்நாட்டில் பாரதிதாசன் ஆண் குழந்தைக்கு ஒன்று, பெண் குழந்தைக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தாலாட்டு எழுதினார். மூடத்தனத்தை விரட்டப் பிறந்தவளாக மகளைத் தொட்டிலில் கொண்டாடியது அதுவரை அதிகம் கேட்காத சங்கதி. பாட்டு வந்துவிட்டாலும் தொட்டில் அவ்வளவு வேகமாக மாறவில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் அரசாங்கமே சேலத்தில் தொட்டில் வைக்க வேண்டியிருந்தது.

சினிமா தாலாட்டை ஆண் குரலிலும் கேட்கவைத்தது. 1961-இல் வந்த ‘பாசமலர்’ படத்தில் அண்ணனும் தங்கையும் அவரவர் வீட்டில் அவரவர் குழந்தைக்குப் பாடுகிறார்கள். கண்ணதாசனின் அந்தப் பாட்டில் மாமன் சீர் இருக்கிறது; சொத்தும் மனசும் பிரிந்த உறவின் கணக்கும் இருக்கிறது. தூளியடிப் பாட்டின் உள்சரக்கை அவர் நன்றாக அறிந்திருந்தார். 1982-இல் ‘மூன்றாம் பிறை’யில் யேசுதாஸ் குரலில் ஓர் ஆண், குழந்தையின் மனம் கொண்ட வளர்ந்த பெண்ணைத் தூங்கவைக்கிறான். அதுவும் கண்ணதாசன், இசை இளையராஜா. பாடுவதும் ஆண், கேட்பதும் குழந்தையல்ல. ஆனாலும் தாலாட்டு என்று ஒப்புக்கொள்ள யாரும் தயங்கவில்லை.

2013-இல் தாலாட்டு ஆஸ்கர் வரை போனது. ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்காகப் பாம்பே ஜெயஸ்ரீ தமிழில் எழுதிப் பாடிய தாலாட்டு சிறந்த பாடலுக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. உடனே கேரளத்திலிருந்து ஒரு குரல்: தொடக்க வரிகள் ‘ஓமனத் திங்க’ளின் மொழிபெயர்ப்பு என்று இரயிம்மன் தம்பி பெயரில் இயங்கும் அறக்கட்டளை புகார் சொன்னது. ஜெயஸ்ரீ மறுத்தார், மனதில் தோன்றியதை எழுதியதாகச் சொன்னார். விருது கடைசியில் ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஸ்கைஃபால்’ பாட்டுக்குப் போனது. எனக்கு இந்த வழக்கில் பிடித்த இடம் வேறு. மயிலும் குயிலும் நிலவும் யாருடைய சொத்து? இரயிம்மன் தம்பிக்கு முன்பே எத்தனையோ தூளியடிகளில் அவை புழங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்களுக்கு அறக்கட்டளை இல்லை.

இனி, மறுபடியும் வல்லக்கோட்டைப் பக்கம், தொழிற்சாலைகள் வழியாக. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்களை இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஊர்ப் பங்கீட்டில் அது தாலாட்டு நேரம். 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்து, பாதுகாப்பு, போக்குவரத்து போன்ற நிபந்தனைகளை விதித்து இரவு ஷிஃப்டைத் திறந்துவிட்டது. சில ஆண்டுகளில் ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் கைப்பேசி செய்யும் வரிசைகளில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில், வல்லக்கோட்டைக்குப் பக்கத்திலேயே வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை மாநில அரசு திறந்தது. செலவு ரூ.706.50 கோடி. பெரும்பாலும் கல்யாணம் ஆகாத இளம்பெண்களுக்கான கட்டில்கள்; தொட்டிலுக்கு அங்கே வேலையில்லை.

கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களுக்குச் சட்டம் வேறு வழி சொல்கிறது. பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் 30 பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றிருந்தது. 2017-இல் வந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் விடுப்பை 26 வாரமாக நீட்டியதோடு, 50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. இந்த 50 பேரை எண்ணும்போது ஆண்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். காப்பகத்துக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். அந்த அனுமதியை மட்டும் சட்டம் பெண்ணுக்கென்று எழுதியிருக்கிறது. ஒரகடத்தில் கார் பூட்டும் அப்பா, எண்ணிக்கைக்கு உண்டு. நான்கு முறையில் ஒரு முறைகூட அவருக்கு இல்லை.